கேட்காமல் கொடுத்த கரண்டு

நம் வயர்மேன் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், அதுவும் பாதுகாப்பைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று தம்பிமார் நீங்கள் வீடு தேடி வந்து கேட்டீர்கள். ரப்பர் செருப்பு போடு, மெயினை அணை, ஈரக் கையோடு தொடாதே என்பதையெல்லாம் லைசென்சுக்குப் படிக்கும்போது மனப்பாடம் செய்திருப்பீர்கள். லைசென்சு கைக்கு வந்த கையோடு மறந்தும் இருப்பீர்கள். அதையே நானும் எழுதினால், மலரில் அந்தப் பக்கத்தைத்தான் கிழித்து வடை வைத்துத் தின்பீர்கள். ஆகவே எனக்கு ஒன்றுமே புரியாமல் போன ஒரு மத்தியானத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் கிறிஸ்துதாஸ், கொல்லயில்காரன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள ஊர்களில் வீட்டு வயரிங் செய்தே காலம் போனது. இப்போது ஏணியைக் கண்டாலே முட்டு வலிக்கிறது, அதனால் ஓய்வு. என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். இருக்கலாம். வேலை நடக்கிற இடத்தில் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலையை விட்ட வருஷத்து ஐப்பசி மழையில், தங்கையன் என்று பேருள்ள எங்கள் தங்கையண்ணன் இறந்து போனார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காலையில் அவர் மனைவி ரூபி அக்கா கட்டன் சாயா கொண்டுபோய் எழுப்பியபோது அவர் எழும்பவில்லை. ஒரே மகன் சஜின் துபாயில் இருந்தான். மறுநாள் காலை விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்குவதாகச் சொல்லிவிட்டான். அப்பாவின் முகத்தைக் கெடாமல் வைத்திருங்கள் என்று போனில் அழுதானாம். அதனால் பிரீசர் பெட்டி வந்தது.

அந்த வீடு பாறசாலைக்குக் கிழக்கே ஒரு இடவழியில், ஒடுங்கிய சந்தில், இருக்கிறது. இடவழிக்கு அண்ணன் வீடு இருக்கிற இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்க வீடுகளுக்கு ஒரு அரசின் கரண்டு கம்பி, அந்தப் பக்க வீடுகளுக்கு இன்னொரு அரசின் கரண்டு கம்பி. அங்கே மேய்கிற கோழிகளுக்கு இது தெரியாது. எங்களுக்கும் ரேஷன் கடைக்கும் ஓட்டுச் சாவடிக்கும் போகிற நாளில்தான் நினைவு வரும்.

நான் போனது துக்கத்துக்கு. வேலைக்கு இல்லை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கரண்டு பார்க்கிற டெஸ்டர். கல்யாணத்துக்குப் போனாலும் அது பையில் இருக்கும், என் வீட்டுக்காரிக்கு அதில் தீராத சடவு. முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். இரும்புக் குழாய்க் கால்கள், ஒவ்வொரு காலும் சிமெண்ட் நிரப்பிய டப்பாவில் நிற்கிற வாடகைப் பந்தல். கால்களில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வீட்டுக்குள் இடம் போதாமல் பெட்டியை முற்றத்திலேயே பந்தலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். மழை சாய்ந்து அடித்து சிமெண்ட் தரை முழுக்க நனைந்து கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் செருப்பைப் படலையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். நான் கழற்றவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்க என் கால் பழகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மாமி என் காலையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

போதகர் வந்திருந்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தங்கையண்ணனின் தங்கை ஞானம்மாள் பாலராமபுரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கிய வேகத்தில் மழையில் நனைந்தபடியே ஓடிவந்து, “எனக்க அண்ணா” என்று பெட்டியைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தவள் அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தாள்.

“கையப் பிடிச்சான்! அண்ணன் எனக்க கையப் பிடிச்சான்!”

பாட்டு நின்றது. துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று இன்னொரு பெண் அவளைத் தூக்கிவிடப் போனாள். குனிந்து தூக்கும்போது ஊன்றிய கை பெட்டியில் பட்டதும் அவளும் கையை உதறினாள். “எனக்கும் துடிச்சது! உள்ள உயிரு உண்டு!”

தம்பிமாரே, உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கரண்டோடு புழங்கிய நானும் முதலில் கண்ணாடி வழியாகத் தங்கையண்ணனின் முகத்தைத்தான் பார்த்தேன். கண் திறக்கிறாரா என்று பார்த்தேன். அதற்குள் ரூபி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். காலையிலிருந்து அசையாமல் இருந்தவள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் என் கண்ணில் அவளுடைய கால் பட்டது. வெறுங்கால், தண்ணீரில். நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடு தாசு. எனக்க ஆளாக்கும். நான் பிடிச்சா எழும்புவாரு.”

“அக்கா, தொடாண்டாம். இது அண்ணன் இல்ல. கறண்டாக்கும்.”

“ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. சந்தேகம்தான். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்தேன். எரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். எரியவில்லை. ரப்பர் செருப்போடு நிற்கிறவன் கையில் டெஸ்டர் சரியாக எரியாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் ஊர் முழுக்கச் சுற்றி நின்று வாயைப் பார்க்கிறபோது, தெரிந்தது எதுவும் மண்டையில் இருக்காது. நான் அந்த எரியாத டெஸ்டரைப் பார்த்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

ரூபி அக்காவும் பார்த்தாள். “கண்டியா? கறண்டு இல்லன்னு ஒனக்க டெஸ்டரே சொல்லுது. எனக்க கைய விடு.”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. என் கையில் இருந்த கருவி அவள் பக்கம். என் பக்கம் இருந்தது ஈரமான கால்கள் மட்டும்தான். விடவும் பயம், பிடித்திருக்கவும் கூச்சம். புருஷனை இழந்த பெண்ணின் கையை இத்தனை பேருக்கு முன்னால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா” என்றேன். “ஒண்ணும் மனசிலாகல்ல. மனசிலாவது வரைக்கும் ஒருத்தரும் தொடாண்டாம். எல்லாரும் பந்தல விட்டு வெளிய போங்க. போதகரே, நீங்களும்.”

எங்கள் வேலையில் தெரியாது என்று ஒருவன் சத்தமாகச் சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும் என்று அன்றைக்குக் கண்டேன். “பிரேதத்த மழையில தனியா போட்டுட்டு எங்க போவ?” என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். “தெரியல்லன்னா மாறி நில்லும், தெரிஞ்சவன் பாக்கட்டு” என்றார் இன்னொருவர். போதகர் நல்ல மனுஷன். பாட்டுப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக மழைக்குள் இறங்கினார். அவர் போனதால் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ரூபி அக்காவை இரண்டு பெண்கள் திண்டாடித் திண்டாடி வீட்டு நடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

தெரிந்தவன் ஒருவன் அங்கே இருந்தான். ஞானம்மாளின் மகன் ஜஸ்டின். கல்ஃபில் ஏ.சி. வேலை, லீவில் வந்தவன். “மாமா, இது பெட்டிக்க கம்ப்ரசர் லீக்காக்கும். பிளக்க ஊரினா தீந்தது” என்றான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வீட்டு மெயினை அணைத்தேன். பெட்டியின் இரைச்சல் நின்றது. பிளக்கையும் உருவினோம். ஹோல்டரில் ஒரு பல்பைப் போட்டு இரண்டு வயர் இழுத்து, ஒரு முனையைக் கிணற்றடிக் குழாயிலும் இன்னொரு முனையைப் பெட்டியிலும் வைத்தேன். பெட்டியில் கரண்டு இருந்தால் பல்பு எரியும், இது டெஸ்டரைப்போல என் செருப்பைப் பார்க்காது.

பல்பு மங்கலாக எரிந்தது.

மெயின் அணைந்த வீடு. பிளக் உருவிய பெட்டி. பல்பு எரிகிறது. ஜஸ்டின் பிளக்கைக் கையில் தூக்கிப் பிடித்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்ப்ரசருக்குள் கொஞ்சம் கரண்டு மிச்சம் நிற்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றான். நாங்கள் காத்திருந்தோம். போகவில்லை. நான் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பியூசையும் உருவினேன். எரிந்தது.

மின்வாரியத்தின் செக்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டேன். லைன்மேன் மழைக்கோட்டோடு பைக்கில் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, இடவழி முக்கில் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் போய் பியூசை எடுத்தான். எங்கள் பக்கத்து வீடுகள் முழுக்க அணைந்தது. திரும்பி வந்து அவனே பல்பை வைத்துப் பார்த்தான். எரிந்தது. அவன் சிரிப்பும் போனது.

“சேட்டா, எனிக்கு ஒந்நும் மனசிலாவுந்நில்ல” என்றான். இரண்டு மொழியிலும் புரியவில்லை என்பது தெளிவாகிவிட்டது.

அந்த நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். பூமிக்கடியில் கேபிள் ஏதும் போகிறதா என்று நினைத்தேன். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பன்றிக்கு வேலி போட்டிருப்பார்களோ என்று நினைத்தேன். இடி விழுந்து எங்கேயாவது தங்கி நிற்குமோ என்றுகூட நினைத்தேன். அதைப்போல ஒரு மடத்தனம் உண்டா? குழம்பினவன் மண்டையில் எதுவும் வந்து குந்தும். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், யாரையும் பந்தலுக்குள் விடாமல் நின்றதுதான்.

பெட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரன் என் காதில் வந்து சொன்னான். “அண்ணே, மூடி தொறக்காம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். இந்தப் புழுக்கத்துல அதுக்கு மேல எனக்குப் பொறுப்பு இல்ல கேட்டேளா.” ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். ரூபி அக்கா நடையிலிருந்தே, “எனக்க வீட்ட விட்டு ஒருக்கா எறங்கினா பின்ன கல்லறைக்குத்தான். அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலையாண்டாம்” என்று சொல்லிவிட்டாள். சஜின் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான். வீடியோவில் அப்பாவைக் காட்டச் சொல்லிப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் ஞானம்மாள் சொன்னாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். “வீட்டுல கறண்டு இல்ல. ரோட்டுல கறண்டு இல்ல. அப்போ எனக்க கையப் பிடிச்சது யாரு?”

ரூபி அக்கா எழுந்து படியில் இறங்கி வந்தாள். இந்த முறை அவளைப் பிடிக்க இருந்த பெண்களும் பிடிக்கவில்லை. அண்ணன் உயிரோடு இருப்பாரோ என்று அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் குறுக்கே போய் நின்றேன்.

“தாசு, எல்லாத்தையும் அணைச்சாச்சு. இனி யாரு அது?”

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. “தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. அண்ணன் உனக்க கையப் பிடிக்கணும்னா உனக்க கால் நனையாமலும் பிடிப்பாரு. நனைஞ்ச காலப் பிடிக்கது கறண்டு மட்டும்தான்.” எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று தெரியவில்லை. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடவழியில் எங்கள் பக்கம் ஒரு வெளிச்சம் இல்லை. பந்தலின் கடைசி மூலையில், சாயா டம்ளர் கழுவுகிற இடத்தில் மட்டும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பந்தல் என்றால் பல்பு எரியத்தானே செய்யும் என்று என் மண்டை அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. லைன்மேனும் பார்த்தான், ஜஸ்டினும் பார்த்தான். டிரான்ஸ்பார்மரையே அணைத்த பிறகு இது எப்படி எரிகிறது என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியதும் நான் கத்தினேன்.

“இந்தப் பல்ப யாரு போட்டது?”

ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரண வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ஒருவன் நாற்காலி கொண்டுவந்து போடுவான், ஒருத்தி சாயா கொதிக்க வைப்பாள், ஒருவன் விளக்கு கட்டுவான். யார் செய்தது என்று கேட்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை. செய்தவன் வந்து சொல்வதும் மரியாதை இல்லை. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலி வேறு, கரண்டு வேறு.

அந்தப் பல்பின் வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனேன். அது பந்தலின் தகரங்களுக்கு நடுவில் நுழைந்து, ஒரு குழாயில் சுற்றி, பலா மரத்தில் ஏறி, இடவழியைக் கடந்து, எதிர்ப்பக்க மதிலுக்கு மேலே போய், அங்கே இருந்த மோட்டார் ஷெட்டுக்குள் இறங்கியது. அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு டிரான்ஸ்பார்மர். நாங்கள் இந்தப் பக்கம் எத்தனை பியூசை உருவினாலும் அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். காற்றில் தகரம் ஆடி ஆடி வயரின் தோலை அறுத்திருக்கிறது. பந்தல் முழுக்கக் கரண்டு ஏறி நின்றிருக்கிறது. பெட்டியின் இரும்புக் கால், ஈரத் துணி சுற்றிய ஒரு பந்தல் காலில் சாய்ந்திருந்ததைத் துணி மறைத்துவிட்டது. டப்பாச் சிமெண்ட் அதை முழுசாக மண்ணுக்கு இறங்க விடாமல் வைத்திருந்தது. மற்றக் கால்களை யாரும் தொடவில்லை. எல்லாரும் தொட வந்தது பெட்டியைத்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சுகுமாரன் நின்றிருந்தான். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. அவனும் தங்கையண்ணனும் பேசி வருஷக்கணக்காகிறது. அவன் அந்த மதிலைக் கட்டியபோது இடவழி ஒடுங்கிப் போனது என்று அண்ணன் சொல்ல, அவன் ஏதோ திருப்பிச் சொல்ல, அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒருவரையொருவர் கூப்பிடவில்லை.

“தாசண்ணே” என்றான். “எனக்க கறண்டா அது?”

“ஒனக்கதுதான். மொதல்ல அணைலே!”

ஓடினான். மூலைப் பல்பு அணைந்தது. லைன்மேன் பெட்டியில் பல்பை வைத்துப் பார்த்தான், அதுவும் எரியவில்லை.

அவன் திரும்பி வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். “காலம்பற மழையில அந்த எடம் இருட்டா கெடந்தது. பொம்பளையள் வழுக்கி விழுவினும்னு தோணிச்சு. யாருட்ட சொல்ல? நாங்க மிண்டுறதில்லல்லா. ஒருத்தரும் பாக்காத நேரம் வந்து கட்டிட்டுப் போனேன். மோட்டாருக்க லைன்லேருந்து எடுத்தது.” அவன் அழுதான். “நான் கொல்லப் பாத்தேனே அண்ணா.”

அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மதிலைத் தாண்டிக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை எழுந்தது. அதே கையால் அவன் தோளைத் தொடவும் தோன்றியது. இறந்தவரோடு பேசாதவன், அவர் வீட்டில் வழுக்கி விழக்கூடாதென்று விளக்கு கட்டியிருக்கிறான். அந்த விளக்கு மூன்று பெண்களைக் கொண்டுபோயிருக்கும். இதில் எந்தப் பக்கத்தைப் பிடித்து அவனிடம் பேசுவது? கரண்டு கசிந்தால் தானே விழுந்து அணைகிற டிரிப் சுவிட்ச் ஷெட் லைனில் இல்லாமல் வெளியே வயர் இழுக்கலாமா என்று வாயில் வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும், “நீ மனுசனாக்கும்” என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

எங்கிருந்து கரண்டு என்று கூட்டம் கேட்டது. வயர் அறுந்திருக்கிறது, அணைத்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். யாருடைய வயர் என்று அந்தச் சூட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தேன். ஆனால் சுகுமாரன் இடவழி சுற்றிப் படலை வழியாக உள்ளே வந்து, “எனக்க வயராக்கும்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். ஜஸ்டின் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அவனுடைய அம்மா விழுந்ததை அவன் பார்த்தவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. லைன்மேன் நடுவில் புகுந்து பிரித்தான்.

இதற்குள் நேரம் போய்க்கொண்டிருந்தது. பெட்டி ஓடவில்லை. லைன்மேன் டிரான்ஸ்பார்மர் பியூசைப் போடத் தயாராக இருந்தான். ஆனால் அதற்கு முன் அண்ணன் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். டிரிப் சுவிட்ச் செத்துப்போய்க் கிடந்தது, அதைச் சுற்றி நேராக வயர் போட்டு வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று இப்படிச் செய்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். விழுகிறது என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமடா மக்கா. அந்தப் போர்டிலிருந்து ஈர முற்றத்தில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குக் கரண்டு கொடுக்க மாட்டேன் என்றேன். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது, ஆள் வெளிநாட்டில். பக்கத்தில் சரியான டிரிப் சுவிட்ச் உள்ள வீடு ஒன்றுதான். சுகுமாரன் புதிதாகக் கட்டிய வீடு.

எல்லாரும் ரூபி அக்காவைப் பார்த்தார்கள். “அவருக்குப் பிடிக்குமா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். புருஷன் உயிரோடு இருந்தால் சுகுமாரன் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வயர் தெரிந்தவன், இதற்கு என்ன சொல்வேன்? “சஜின் முகத்தப் பாக்கணும்லாக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் எழுந்து சுகுமாரன் முன்னால் போய் நின்றாள். சட்டை கிழிந்து, தலை நனைந்து நின்றான் அவன்.

“சுகுமாரா.”

“அக்கா.”

“பெட்டிக்கு கறண்டு வேணும். தருவியா?”

“தாறேன்கா.”

இந்த முறை எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் செய்தோம். பெட்டியைப் பந்தலுக்கு வெளியே நடைக்கு மாற்றி, கீழே பலகை போட்டோம். புது வயர், தகரத்தைத் தொடாமல் மூங்கிலில் தூக்கிக் கட்டியது. கரண்டு இன்ன வீட்டிலிருந்து வருகிறது, இன்ன சுவிட்ச், அதன் பக்கத்தில் சுகுமாரனின் மருமகன் உட்கார்ந்திருப்பான், என்ன நடந்தாலும் அவனைக் கூப்பிட வேண்டும் என்று நான் கத்திச் சொல்ல, ஜஸ்டின் அதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். ஒரு அரசின் கரண்டை இன்னொரு அரசுக்குள் கொண்டுபோகச் சட்டம் உண்டா என்று லைன்மேன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அவன் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி இரைந்தது. வயரும் பல்புமாக விளிம்பு, கால், மூடி எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் எரியவில்லை. அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றினேன். நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று புறங்கையால் பெட்டியைத் தொட்டேன். நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள், பல்பு போதும். எனக்கு அன்றைக்குப் பல்பு போதவில்லை. அவள் தொடுகிறதை நான் முதலில் தொட வேண்டும் என்று தோன்றியது.

“இனி தொடலாம்கா.”

ரூபி அக்கா வந்தாள். முதலில் விரல் நுனியை வைத்தாள், பிறகு முழுக் கையையும் கண்ணாடிக்கு மேல், அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். காத்திருந்தாள். சுற்றி நின்ற எல்லாரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். பெட்டியின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

“ஒண்ணும் இல்லியே தாசு” என்றாள்.

எத்தனையோ வீடுகளில் வேலை முடித்துவிட்டு, வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இப்போது தொட்டுப் பாருங்கள், ஒன்றும் இல்லையே என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நம் வேலை அதற்குத்தான்.

“ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. மறுநாள் சஜின் வந்து அதன்மேல் தன் கையை வைக்கும்வரை, அவள் அந்தப் பக்கத்திலிருந்து நகரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.